இரண்டு பிளேடும் ஏழாம் கட்டிலும்

போன மாதம் நம் முடிதிருத்துவோர் சங்கக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "அஞ்சு பிளேடு வெச்ச ரேசரு போட்டா கஸ்டமருக்குக் கழுத்தெல்லாம் பொரிப்பொரியா கிளம்புது, இன்னா பண்றது?" என்று கேட்டார். ஆளாளுக்கு பிளேடைத் திட்டினார்கள். அதைச் செய்கிற கம்பெனிக்காரனைத் திட்டினார்கள். நான் மின்விசிறி ஆடுகிறதே, கழன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பிளேடு மேல தப்பு இல்லீங்க, இடது கை மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செயலாளர், "அப்ப அதை விவரமா நம்ம சங்க மலருக்கு எழுதிக் குடுத்துடுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் பத்து நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். கணக்குப் பரீட்சை அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்தேன். மறுநாள் போனால் வாத்தியார் ஏன் வரவில்லை என்று கேட்பாரே என்று மறுபடியும் படுத்தேன். அப்படியே பள்ளிக்கூடம் முடிந்துபோனது. ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் அச்சகத்தார் பெரிய மனது பண்ணித் திருத்திக்கொள்ளட்டும்.

தொழில் கற்றது காஞ்சிபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சலூனில். கத்தி பிடிக்க ஆறு மாதம், தீட்ட ஆறு மாதம், முகத்தில் வைக்க இன்னும் ஆறு மாதம். எல்லோரும் படித்த படிப்புதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. என் சங்கடம் வேறு. ஒரு முகத்துக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆகும். வலது கன்னம் முடித்து இடது கன்னத்துக்குப் போனால், வலது பக்கம் எங்கேயோ விட்டுவிட்டோமோ என்று திரும்பவும் வந்து பார்ப்பேன். ஏழு மணி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்தால் எட்டு மணி பஸ்ஸுக்குத்தான் போவார்கள். முதலாளி ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "டேய் மாணிக்கம், நீ சவரம் பண்றியா, கோபுரம் கட்டுறியா?" பிறகு அவரே யோசித்து, "உன் கைக்கு ஆஸ்பத்திரிதான்டா லாயக்கு. அங்க படுத்துக்கினு இருக்கறவனுக்குப் புடிக்க பஸ்ஸு கிடையாது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரமே ஊரில் இருந்த ஒரு தரும ஆஸ்பத்திரிக்குக் கையோடு கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. யாராவது வருத்தப்பட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மாடியில் ஆண்கள் வார்டு. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு, டாக்டர் கத்தி வைக்கப்போகிற இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு முடி இல்லாமல் மழித்துக் கொடுப்பதுதான் என் வேலை. வயிறு, தொடை, முதுகு, கழுத்து, எதுவாக இருந்தாலும் என் கைக்கு வந்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பெரிய டாக்டர் மெட்ராஸிலிருந்து வியாழக்கிழமை மட்டும் வருவார். காலை ஒன்பது மணிக்குக் கார் வாசலில் நிற்கும். அதற்குள் ஆபரேஷன் அறை வாசலில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய பெயர்கள் சாக்குக்கட்டியால் எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதுகிறவர் ஞானம்மாள் சிஸ்டர்.

சிஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் என் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. வார்டு முழுக்க அவர் கையில். குட்டையான உருவம். மார்பில் தலைகீழாகக் குத்திய ஒரு கடிகாரம். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "மூணாம் கட்டிலுக்கு வாந்தி", "ஒம்பதாம் கட்டில் திருட்டுத்தனமா பீடி குடிக்குது" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் "நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த "நல்லது"க்குப் பயந்து வார்டு பாய் ஒருவர் வேலையை விட்டே போயிருக்கிறார்.

மழித்து முடித்ததும் சிஸ்டர் இரண்டு பரீட்சை வைப்பார். பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வாரம்தோறும் இரண்டு பரீட்சை!

முதல் பரீட்சை, மழித்த இடத்தில் பஞ்சைத் தேய்த்துப் பார்ப்பது. முடி மிச்சம் இருந்தால் பஞ்சு சிக்கும். நான் சேர்ந்த இரண்டாம் வருடம் குடலிறக்கத்துக்கு வந்திருந்த ஒரு நெசவாளி இதைப் பார்த்துவிட்டு, "பஞ்சு பொய் சொல்லும் சிஸ்டரம்மா, இத்த வெச்சுப் பாருங்க" என்று தன் துண்டில் ஒட்டியிருந்த பட்டு இழை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சாயம் ஏற்றாத பட்டு. அதைத் தோல்மேல் வைத்து மெல்ல இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத முடிகூட அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அன்றிலிருந்து சிஸ்டர் சட்டைப்பையில் ஒரு சுருள் பட்டு இழை இருக்கும். அந்த நெசவாளி நல்லா இருக்கட்டும். என் வேலை இரண்டு மடங்கானது.

இரண்டாவது, ஸ்பிரிட் பரீட்சை. மழித்த இடம் முழுக்க ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தடவுவார். எங்கேயாவது எரிகிறது என்று நோயாளி சொன்னால் அங்கே கீறல் இருக்கிறது என்று பொருள். கீறல் இருந்தால் சீழ் பிடிக்கும் என்பது பெரிய டாக்டரின் பயம். ஆகவே கீறல் பட்டவர் பெயரைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுவார்கள். அவருக்கு மறு வியாழக்கிழமைதான்.

தடவுவதற்கு முன் சிஸ்டர் என்னைக் கேட்பார்: "கீறல் இருக்குதா?"

நான் சொல்வேன்: "எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க சிஸ்டர். எதுக்கும் நீங்க ஒரு தடவை பாத்துக்குங்க."

பதினோரு வருடம் இதே கேள்வி, இதே பதில். கீறல் விழுவது என்னவோ வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனாலும் "இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு வாய் வந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் பெரிய டாக்டர் ஏதோ படிப்புக்காகச் சீமைக்குப் போய் ஆறு மாதம் கழித்து வந்தார். வந்த வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். "மாணிக்கம், இதுல ஒண்ணு பின்னால ஒண்ணா ரெண்டு பிளேடு இருக்கு. அங்கெல்லாம் இப்ப இதுதான். பழகிப் பாத்துட்டுச் சொல்லு."

திறந்தால், ஒரு கைப்பிடி. அதில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஐந்து தலைகள். ஒவ்வொரு தலையிலும் நூல் பருமனுக்கு இரண்டு பிளேடு, நடுவில் மயிரிழை இடைவெளி. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஐந்தே ஐந்து தலை. தொலைந்தால் சீமைக்கா போய் வாங்குவது?

அதைக் கையில் எடுத்ததும் நான் செய்த முதல் காரியத்தை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. தோல் வாரில் தீட்டினேன். கத்தியை எடுத்தால் நாலு இழுப்புத் தீட்டாமல் முகத்தில் வைக்கக்கூடாது என்று கையில் ஊறிய பழக்கம். வாரில் இரண்டு கோடு விழுந்தது, அந்தத் தலை செத்துப்போனது. மிச்சம் நாலு.

இரண்டாவது தலைக்குக் காவலாளி முனுசாமி ஆள் கிடைத்தார். மாகறல்காரர், இலவசம் என்றால் எதற்கும் கழுத்தை நீட்டுவார். கத்திக்குப் பிடிக்கிற மாதிரியே இடது கையால் தோலை நன்றாக மேலே இழுத்துப் பிடித்து, அழுத்தி, முடிக்கு எதிராக இழுத்தேன். நாலு இழுப்பில் பிளேடுகளுக்கு நடுவில் முடி அடைத்துக்கொண்டது. சிஸ்டரின் பட்டு இழை ஞாபகம் வந்து, அதில் ஒன்றை வாங்கி நடுவில் விட்டு இழுத்தேன். இழை அறுந்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. அதோடு முடியும் சேர்ந்து இறுகிவிட்டது. அந்தத் தலையும் போனது. ஆனால் முனுசாமி தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாழைத்தண்டு மாதிரி கீதுபா" என்று சந்தோஷமாகப் போனார்.

மூன்றாம் நாள் காலை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். கழுத்து முழுக்கச் சிவப்புக் கொப்பளம். "இன்னாபா மாணிக்கம், ஓசியில மூஞ்சி வழிக்கிறேன்னு சொல்லிட்டு இன்னாபா பண்ணி வெச்சுக்கிற? அம்மை போட்டுக்கினு இருக்குதுன்னு என் பொண்டாட்டி வாசல்ல வேப்பிலை சொருவிட்டாப்பா! கறிக்குழம்பு வெக்க மாட்டேங்கறா!"

அவருக்குக் கறிக்குழம்பு போனதற்கும் எனக்குத் தூக்கம் போனதற்கும் காரணம் தேடித்தான் ஆகவேண்டும். பழைய சாதத்துக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தேன். கத்தி ஒரே வெட்டாக வெட்டிவிட்டுப் போய்விடும். இதில் முதல் பிளேடு முடியை இழுத்து வெட்டுகிறது. இழுபட்ட முடி உள்ளே போவதற்குள் இரண்டாவது பிளேடு இன்னொரு துண்டு எடுத்துவிடுகிறது. தோலை நான் வேறு இழுத்துப் பிடித்தால், கையை விட்டதும் வெட்டிய முடி தோலுக்கு அடியில் போய்விடுகிறது. சுருட்டை முடியாக இருந்தால் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே வளைந்து வளர்கிறது. அதுதான் கொப்பளம்.

யோசித்தது சரியா என்று யாருக்குத் தெரியும்? முனுசாமி கழுத்து தெளிகிற வரைக்கும் காத்திருந்து, கெஞ்சிக் கூத்தாடி மறுபடி உட்காரவைத்தேன். இடது பாதிக்குத் தோலை இழுத்துப் பிடித்து மழித்தேன். வலது பாதிக்கு என் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வெந்நீர்த் துணியால் நன்றாக ஊறவைத்து, நுரை போட்டு, முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே, ரேசரின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான், அழுத்தமே இல்லாமல், விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பு. இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை கிண்ணத்துத் தண்ணீரில் அலசி உதறல். துணியிலும் துடைக்கவில்லை, உள்ளங்கையிலும் தட்டவில்லை. போன இடத்துக்கு மறுபடி போகவில்லை. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் இடது பக்கம் பொரிந்திருந்தது. வலது பக்கம் தெளிவாக இருந்தது. முனுசாமி, "வூட்டுல அவ பாதி வாசலுக்கு வேப்பிலை கட்டிக்கிறா" என்றார்.

ஆனால் சிஸ்டர் பார்த்தது இடது பக்கத்தை. "முனுசாமி கழுத்து முழுசா தெளியட்டும். அதுவரைக்கும் நம்ம ஆளுங்களுக்குக் கத்திதான்" என்று சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் ஏழாம் கட்டிலுக்கு வரதன் வந்தார்.

ஐயம்பேட்டை பக்கத்திலிருந்து வந்த பட்டு நெசவாளி. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கூட வந்திருந்த மனைவி பெயர் கன்னியம்மா. கட்டி மூச்சுக்குழாயை ஒரு பக்கமாக நெருக்குகிறது, தள்ளிப்போடக்கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். வரதனுக்குத் தாடி கருகருவென்று சுருட்டை. கழுத்து முடி மேல் பார்த்துச் சுழித்துக்கொண்டு போகிற ரகம்.

அந்த வியாழக்கிழமை தாடையிலிருந்து மார்பு வரைக்கும் கத்தியால் மழித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் முடிந்து கடைசியாகக் கட்டிமேல் கத்தியை வைத்தேன். தோலுக்கு அடியில் எலி ஓடியது மாதிரி கட்டி சட்டென்று மேலே துள்ளியது. அரை அங்குலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

சிஸ்டருக்கு ஸ்பிரிட்கூடத் தேவைப்படவில்லை. பார்த்தார். "நல்லது" என்றார். போய்க் கரும்பலகையில் வரதன் பெயரை அழித்தார்.

கன்னியம்மா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா ஆளு நீ? ஒரு கழுத்தை ஒயுங்கா வழிக்கத் தெரியாதா? தூங்கறப்போ இந்த மனுசனுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. பக்கத்துல ஒக்காந்துக்கினு நான் எண்ணிக்கினு கீறேன். இன்னும் ஒரு வாரம் எண்ணணுமா?"

அந்த வாரம் முழுக்க என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்க ஆரம்பித்துவிட்டதோ? கண் மங்குகிறதோ? தினமும் காலையில் ஏழாம் கட்டிலுக்குப் போய், "மன்னிச்சுக்குங்க" என்பேன். அவர் "வுடுப்பா" என்பார். மறுநாளும் போவேன்.

புதன்கிழமை மதியம் கன்னியம்மா துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் வரதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யோவ், நிறுத்துய்யா! ஆறு நாளா இதே பாட்டு. உன் மூஞ்சியைப் பார்க்கவே சகிக்கல. உன் மேல தப்பு இல்ல."

"கத்தி என் கையிலதானேங்க இருந்துது?"

"கத்தி உன் கையில இருந்துது. கட்டி என் கழுத்துல இருந்துது." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் முழுங்கினேன்."

"இன்னாத்த?"

"எச்சிலைத்தான். முழுங்கினா கட்டி மேல எகிறும். டாக்டரு 'முழுங்கு, முழுங்கு'ன்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே, அப்போவே கண்டுக்கினேன். உன் கத்தி கட்டி மேல வந்துது. ஒரே முழுங்கு. அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது என்னவோ நிம்மதி. கை நடுங்கவில்லை! கண் மங்கவில்லை! அப்புறம்தான் உறைத்தது. "ஆழமா எறங்கியிருந்தா?"

"நீ ஆழமா எறக்கற ஆளா? கத்தியை வெக்கறதுக்கே அரை மணி யோசிக்கற."

"ஏன்யா இப்படிப் பண்ணீங்க?"

வரதன் போர்வையின் ஓர இழையை விரலால் நெருடினார். பிறகு சொன்னார்: "எங்க தெருவுல ஒருத்தருக்கு இதே ஆபரேசன். கட்டி போச்சு, கூடவே குரலும் போச்சு. நரம்பு பட்டுட்டா அப்படித்தானாம், டாக்டரே சொன்னாரு. எங்க சீலையில கரைக்கு நூல் ஓட்டற நாடாக் கட்டை தனிப்பா. நடுவுல நான் நெய்யறேன், ஓரத்துல ஒக்காந்துக்கினு அவ கரைக்கு நாடா வுடறா. நான் குரல் குடுத்தாத்தான் வுடுவா. பதினாறு வருசமா அப்படித்தான் ஓடுது. குரல் போச்சுன்னா நான் கையை ஆட்டறதா, நாடாவை ஆட்டறதா?"

"மூச்சு நின்னு போச்சுன்னா?"

"அதுவும் பயமாத்தான் கீது." அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் ஒண்ணே ஒண்ணு போட்டுடுப்பா. கொசு கடிச்சாப்ல. நான்தான் ஆடினேன்னு சிஸ்டரு கிட்ட சொல்லிடறேன், உன் பேரு கெடாது. ஒரு வாரம் தள்ளிப் போட்டா கொஞ்சம் தைரியம் வரும்."

மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். சிஸ்டரிடம் சொல்லலாமா? சொன்னால் என்னை நம்பிச் சொன்ன மனுஷனைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் கன்னியம்மா இன்னும் ஒரு வாரம் மூச்சு எண்ணவேண்டும். எண்ணிக்கை நடுவில் நின்றுபோனால் அது என் கணக்கில்தான் சேரும். சாயங்காலம் வரைக்கும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் சிஸ்டரிடம் போய் இது மட்டும் கேட்டேன்: "நாளைக்கு ஏழாம் கட்டிலுக்கு ரெண்டு பிளேடு போடட்டுங்களா?"

சிஸ்டர் முனுசாமியைக் கூப்பிட்டனுப்பினார். தாடையை நிமிர்த்திக் கழுத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். "சரி" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புதுத் தலை மாட்டினேன். வெந்நீர்த் துணி வைத்தேன். சுழி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே திரும்புகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். இடது கை முதுகுக்குப் பின்னால். மார்பு முடிந்தது, தாடை முடிந்தது. கட்டிமேல் ரேசரை வைத்ததும் வரதன் முழுங்கினார். கட்டி துள்ளியது. ரேசர் அதன்மேல் ஏறி, மேட்டில் ஏறி இறங்குகிற மாட்டுவண்டி மாதிரி, அந்தப் பக்கம் இறங்கியது. ரத்தம் இல்லை. மறுபடி முழுங்கினார். மறுபடி ஏறி இறங்கியது.

"இன்னாபா இது," என்றார் உதடு அசையாமல். "வெட்டவே மாட்டேங்குது?"

"முழுங்குங்க," என்றேன். "கட்டி மேல போனா அடியில மழிக்க எனக்கு வாட்டமா இருக்குது."

முறைத்தார். அதற்குப் பிறகு அவர் முழுங்கவே இல்லை.

சிஸ்டர் வந்தார். பட்டு இழையைக் கழுத்தில் வைத்து இழுத்தார். எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தாடைக்கு அடியில் ஒரு தடவல்தான் தடவினார். "ஐயோ, எரியுது! எரியுது சிஸ்டர்!" என்று வரதன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். தோல் லேசாகச் சிவந்திருந்தது, கோடு எதுவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். கட்டில் காலடியில் கன்னியம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீறல் இருக்குதா?"

வரதன் என்ன நாடகம் ஆடுகிறார் என்று எனக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியாது. ஒவ்வொரு இழுப்பையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். எந்த இழுப்பிலும் கை இடறவில்லை.

"இல்லீங்க சிஸ்டர்."

சிஸ்டர் அப்படியே நின்றார். என் பதிலின் மிச்சப் பாதிக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. அது வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். போய்க் கரும்பலகையில் வரதன் பெயரை எழுதினார். வரதன் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தள்ளுவண்டி வந்தபோது சத்தம் போடுவார் என்று நினைத்தேன். தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டார்.

கதவு மூடியதும் என் தைரியமும் மூடிக்கொண்டது. நிஜமாகவே எரிந்திருந்தால்? என் கண்ணுக்குத் தெரியாத கீறலாக இருந்தால்? சீழ் பிடித்தால்? பெஞ்சில் கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். அவர் கடைசியில் கேட்டேவிட்டார்: "யோவ், உள்ள இருக்கறது என் புருசனா, உன் புருசனா? இப்படி வேர்த்துக்கினு கீறே!"

பதினொன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். குரலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, வீக்கம் வடியட்டும் என்றார்.

மறுநாள் காலை சிஸ்டர் கட்டில் பக்கத்தில் நின்று, "பேரைச் சொல்லுங்க" என்றார். வரதன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கன்னியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறுபடி திறந்தார். எண்ணெய் காணாத தறியின் மிதி மாதிரி ஒரு சத்தம் வந்தது: "காபி."

"நான் கேட்டது பேரு" என்றார் சிஸ்டர். ஆனால் காபி வந்தது.

எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். சீழ் இல்லை, நான் தினமும் மூன்று வேளை எட்டிப் பார்த்தவன், எனக்குத் தெரியும். குரல்தான் நாளுக்கொரு மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் வரதன் என்னைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டு பிளேடாலயே ஒரு தடவை வழிச்சு வுடுப்பா" என்றார். தழும்பை விட்டு ஒதுங்கிக் கன்னத்தை மழித்துக்கொண்டே கேட்டேன்:

"அன்னைக்கு இன்னாமா நடிச்சீங்க! எரியுதாம்!"

"நடிக்கலப்பா."

"சும்மா சொல்லாதீங்க."

"எங்க சாமி மேல சத்தியமா. கத்தலாம்னுதான் படுத்துக்கினு இருந்தேன். அதுக்குள்ள நெசமாவே எரிஞ்சுடுச்சு. நெருப்பு வெச்சாப்ல."

என் கை அப்படியே நின்றுவிட்டது. "பின்னே ஏன் பேசாம வண்டியில ஏறினீங்க?"

"நீ 'இல்ல'ன்னு சொன்னியே. எதுக்கெடுத்தாலும் நடுங்கற ஆளு நீ. ஆறு நாளு என் கால்ல வுழாத குறையா நின்னவன். நீயே அவ்ளோ தெளிவா சொல்றேன்னா, சரி, ஒண்ணும் ஆவாதுன்னு தோணிச்சு." கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "வழிச்சு முடிப்பா, நேரமாவுது."

எப்படி முடித்தேன் என்று தெரியாது. அவர் மூட்டை கட்டப் போனதும் பின்பக்கத்து அறைக்கு ஓடினேன். அதே ரேசரால், அதே மாதிரி அழுத்தாமல் என் கழுத்தை மழித்தேன். கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. ஸ்பிரிட் பஞ்சை வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடியோடு மேல்தோலையும் இரண்டாவது பிளேடு வழித்துக்கொண்டு போகிறது. கத்திக்கு எரியாத தோல் இதற்கு எரிகிறது. (தம்பிகளே, மழித்த சூட்டோடு லோஷனைப் போட்டு அறையாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் போட்டுக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.)

சிவந்த கழுத்தோடு சிஸ்டர் முன்னால் போய் நின்றேன். வரதன் முழுங்கினது, எரிந்தது, எரியவில்லை என்று நான் நினைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார்.

"கீறல் இருக்குதா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"எரியுதா?"

"எரியுதுங்க சிஸ்டர்."

"அப்போ ரெண்டு பேரும் நெசம்தான் சொல்லியிருக்கீங்க. இனிமே ரெண்டு பிளேடு போட்டா அரைமணி கழிச்சு ஸ்பிரிட்." நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

அப்போது கீழே வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரிக்‌ஷாக்காரரோடு யாரோ மல்லுக்கு நிற்கிறார்கள். "யோவ், மூட்டையை அந்தப் பக்கம் தள்ளி வெய்யா! அவ எங்க உக்காருவா, உன் தலை மேலயா?" கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் மாடி வரைக்கும் வந்தது.

சிஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. "யாரது, ஆஸ்பத்திரி வாசல்ல கத்தறது?"

"ஏழாம் கட்டிலுங்க, சிஸ்டர்" என்றேன்.